ஒரு மீற்றர் இடைவெளி, அரை நாள் அவகாசம்

கொவிட் காலத்தில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்த பாடுகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அது முடிந்த கதை, இனி ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருகோணமலையில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சமூக இடைவெளி என்ற விதி கடைவாசல்களில் எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதை எழுதி வைக்காவிட்டால், அடுத்த முறை இப்படியொரு நோய் வரும்போது அதே வாசலில், அதே வெயிலில், அதே முதியவர்கள் நிற்க நேரிடும். விதி பிழை என்று சொல்ல நான் வரவில்லை. அம்மா நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீண்டகாலமாக மருந்து எடுப்பவர். அந்தத் தொற்று அவரை அணுகிவிடக் கூடாதே என்ற அச்சத்தோடுதான் அந்த இரண்டு ஆண்டுகளும் கழிந்தன. ஆகவே ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்றபோது அதை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டேன். என் மனக்குறை வேறு. மக்கள் தள்ளி நிற்க வேண்டுமென்றால் ஒன்றில் இடம் வேண்டும், அல்லது நேரம் வேண்டும். எங்களுக்கு இரண்டையும் சுருக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்றார்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. அதற்குப் பிறகு கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய மாவட்டங்கள் அபாயம் கூடிய பகுதிகளாக நீண்ட நாட்கள் மூடிக் கிடக்க, எங்கள் மாவட்டம் போன்ற ஏனைய இடங்களில் இடைக்கிடை காலை ஆறு மணிக்கு ஊரடங்கைத் தளர்த்தி, பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மீண்டும் போட்டார்கள். இந்த ஏற்பாட்டைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். சாதாரண நாளில் காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு ஒன்பது மணிக்கு மூடும் ஒரு பலசரக்குக் கடை, பதினான்கு மணித்தியாலங்களில் பரவலாக வந்து போகும் சனத்துக்குச் சாமான் கொடுக்கிறது. அதே கடை இப்போது எட்டு மணித்தியாலங்களுக்குள், இரண்டு மூன்று நாட்களுக்கான தேவையோடு ஒரே நேரத்தில் வந்து நிற்கும் சனத்துக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் உள்ளே ஒரு தடவைக்கு நான்கைந்து பேரை மட்டும் விட்டு. வாசலில் நெரிசல் வராமல் வேறு என்ன வரும்? சனம் சொன்னதைக் கேட்பதில்லை, அடிபட்டுக்கொண்டு நிற்கிறது என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தச் சனத்தின் நடுவே நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே நின்றவர்களில் பெரும்பாலானோர் விதியைக் காப்பாற்றவே விரும்பினார்கள். பின்னால் இருப்பவர் நெருங்கி வருவதை விரும்பாதவர்களாகவே எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு மணிக்குப் பிறகு, இன்னும் ஒரு மணித்தியாலத்தில் ஷட்டர் இறங்கிவிடும் என்று தெரிந்த நிலையில், வீட்டில் பால்மா முடிந்துவிட்ட ஒரு தாயிடம் ஒரு மீற்றர் கணக்கைப் பேச எவருக்கும் வாய் வராது.

கடைகளுக்கு முன்னால் வெள்ளைச் சாயத்தாலும், சாயம் கிடைக்காத இடங்களில் சுண்ணாம்பாலும் வட்டங்கள் போட்டிருந்தார்கள். நகரத்துப் பெரிய கடைகளின் முன்னால் அவை நடைபாதையில் ஒழுங்காக இருந்தன. ஒழுங்கைக்குள் இருக்கும் சிறு கடைகளுக்கு முன்னால் நடைபாதை ஏது? வட்டங்கள் வீதிக்குள் இறங்கின. மோட்டார் சைக்கிள் வரும்போது முழு வரிசையும் மதிலோடு ஒதுங்கி, ஒருவர் தோளோடு ஒருவர் ஒட்டி நின்று, அது போன பின் மீண்டும் வட்டத்துக்குப் போனது. காலையில் நிழலாக இருந்த வட்டம் பத்து மணியாகும்போது வெயிலுக்குள் போய்விடும். திருகோணமலை வெயிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், மே மாதத்தில் தொடங்கும் கச்சான் காற்று இங்கே குளிர்ச்சியைக் கொண்டு வருவதில்லை. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, அனலாக எங்களிடம் வந்து சேர்கிறது. அந்தக் காற்றில் முகக்கவசத்தோடு நின்றால் மூச்சு விடுவதே ஒரு வேலை. ஆகவே சனம் தன் வழியில் ஒரு ஒழுங்கு செய்துகொண்டது. வட்டத்துக்குள் உமல்பையை வைத்துவிட்டு எதிர்ப்பக்க வேப்பமர நிழலுக்குப் போனார்கள். பை கொண்டு வராதவர்கள் ஒரு கல்லை, ஒரு செருப்பை வைத்தார்கள். வெயிலில் பைகளும் கற்களும் ஒரு மீற்றர் இடைவெளியை அச்சொட்டாகக் கடைப்பிடித்து நிற்க, அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மரத்தடியில் நெருங்கி நின்றார்கள். கடைக்கு முன்னால் ஒரு தறப்பாளைக் கட்டி நிழல் கொடுத்திருந்தால் அந்த மரத்தடிக் கூட்டம் கூடியிருக்காது. கோயில் திருவிழாவுக்கு ஒரே இரவில் வீதி நீளம் பந்தல் போடுகிற ஊர் இது. கம்பும் தறப்பாளும் கயிறும் இல்லாமல் போகவில்லை, அதைப் பற்றி நினைக்க வேண்டியவர்கள்தான் நினைக்கவில்லை.

2020 ஒக்டோபர் நடுப்பகுதியில், 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, வாசலில் வெப்பநிலை பார்த்தல், கை கழுவ வசதி, உள்ளே வருபவர்களின் பெயரையும் தொடர்பு விபரத்தையும் பதிதல் ஆகியவை சட்டபூர்வமான கடமைகளாயின. மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டப்பணமோ ஆறு மாதச் சிறையோ விதிக்கலாம் என்றும் இருந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் வாசலில் நடந்தது என்ன? பெயர் எழுதும் கொப்பியோடு ஒரு பேனையை நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரத்தை உதறிவிட்டு, எனக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் பிடித்த அந்தப் பேனையைப் பிடித்து என் பெயரை எழுத வேண்டும். சொந்தப் பேனையைக் கைப்பையில் கொண்டு போகத் தொடங்கினேன்; அதைக் கேட்டு வாங்கி எழுதிவிட்டு நன்றியோடு திருப்பித் தருபவர்களுக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. கொப்பியில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எல்லோரும் பார்க்கக் கிடந்தன. வயதுப் பிள்ளைகள் தங்கள் இலக்கத்தை எழுதத் தயங்கினார்கள், அவர்களின் தயக்கம் நியாயமானது. பல பெண்கள் கணவரின் இலக்கத்தையோ தகப்பனின் இலக்கத்தையோ எழுதியதை நான் கண்டேன். தொற்று ஏற்பட்டால் தேடிப் பிடிப்பதற்கான பதிவேடு, தேடிப் பிடிக்க முடியாத இலக்கங்களால் நிறைந்தது. பின்னர் கைத்தொலைபேசியால் படம் பிடித்துப் பதியும் கியூ.ஆர். முறை வந்தபோது நிலைமை சற்று மாறியது. ஆனால் அது சாதாரணத் தொலைபேசி வைத்திருக்கும் முதியவர்களுக்கு எதையும் மாற்றவில்லை.

வெப்பமானியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெற்றியை நோக்கிப் பிடிக்கும் அந்தக் கருவி தோலின் வெப்பத்தைத்தான் அளக்கிறது. வெயிலில் முக்கால் மணித்தியாலம் நின்றவரின் நெற்றி சுடாமல் எப்படி இருக்கும்? எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான ஐயாவை, கருவி கூடுதலாகக் காட்டுகிறது என்று ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவர் எதுவும் பேசவில்லை. ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் இரண்டடி பின்வாங்கியதை அவர் பார்த்தார். கால் மணித்தியாலம் நிழலில் இருத்தி மறுபடி பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, உள்ளே விட்டார்கள். அவர் வாங்க வந்தது ஒரு இறாத்தல் பாணும் கொஞ்சம் சீனியும். அந்தக் கால் மணித்தியாலம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, வாசலில் ஒரு கதிரையும் நிழலும் முதலிலேயே இருந்திருந்தால் இந்த மனிதர் இந்த அவமானத்தைச் சந்தித்திருக்க மாட்டாரே என்ற கோபம் இன்றும் ஆறவில்லை.

உள்ளே போனால் வேறு கதை. பல்பொருள் அங்காடிகளில் தரையில் அம்புக்குறி ஒட்டி, ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வர வேண்டும் என்றார்கள். இரண்டு தட்டுகளுக்கு இடையிலுள்ள ஒடுக்கமான வழியில் ஒருவர் மாப்பக்கெட்டின் விலையைப் பார்த்துக்கொண்டு நின்றால், பின்னால் வருபவர் முந்திப் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. கடந்து வந்த தட்டில் உப்பை மறந்துவிட்டால், கடை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் மீண்டும் அங்கே வரலாம். அதைவிட மோசம், குளிரூட்டிய அந்தக் கட்டடங்களில் கதவு ஜன்னல் எல்லாம் மூடியே இருந்தன. நோய் காற்றில் பரவக்கூடியது, மூடிய இடமே கூடுதல் ஆபத்து என்பது பின்னர் எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் இங்கே முதலில் மூடப்பட்டவை திறந்த வெளியில் நடந்த சந்தைகள். வடக்கு கிழக்கின் வேறு சில ஊர்களில் சந்தையை விளையாட்டுத் திடலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் மாற்றி, வியாபாரிகளை நன்றாக இடம் விட்டு அமர்த்தினார்கள். அதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த, காற்றுக்குக் குறைவில்லாத ஒரு நகரத்தில் மக்களை மூடிய கட்டடத்துக்குள் அனுப்பிச் சாமான் வாங்க வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

தெருக்கோடிக் கடைகளில் வாசலுக்குக் குறுக்கே மேசை போட்டு, அதற்கு மேல் பொலித்தீன் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே யாரும் போகக் கூடாது, கேட்டால் எடுத்துத் தருவார்கள். இதில் பாதுகாப்பு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தக்காளியைத் தொட்டுப் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்குப் பொலித்தீனுக்குப் பின்னால் யாரோ அள்ளிப் போட்ட தக்காளியை வீட்டில் கொட்டிப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்யும். தராசு உள்ளே தள்ளி இருந்ததால் நிறை தெரியாது. முகக்கவசத்துக்குள் இருந்து சொல்வது பொலித்தீனைத் தாண்டி மற்றவரின் காதுக்குப் போகாமல், கடலைப் பருப்பு கேட்டவருக்கு மைசூர்ப் பருப்பு வரும். அது விளங்குவதற்காக முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் ஒழுங்கையில் காது கேளாத ஒரு தங்கச்சி இருக்கிறாள். உதட்டைப் பார்த்து மற்றவர் பேச்சை விளங்கிக்கொண்டவள். எல்லோரும் வாயை மூடிக்கொண்ட அந்த மாதங்களில் அவளுக்குக் கடை என்பதே இல்லாமல் போயிற்று. எழுதிய துண்டை நீட்டினால் அதைத் தொடுவதற்கு ஒரு கடைப் பையன் தயங்கியதையும் நான் பார்த்தேன். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கும் வீட்டில் ஒரு தாய் இருந்திருப்பாள்.

சாமான் தட்டுப்பாடு இத்தனைக்கும் மேல் ஒரு சுமை. 2020 மார்ச் நடுப்பகுதியில் பருப்புக்குக் கிலோ 65 ரூபாய் என்றும் ரின்மீனுக்கு 100 ரூபாய் என்றும் உச்சவரம்பு விலை அறிவித்தார்கள். அறிவித்த விலையில் பருப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு மணித்தியாலம் நின்று வாசலை அடையும்போது, முடிந்துவிட்டது என்பார்கள். முடிந்துவிட்டது என்பதை வரிசையின் தொடக்கத்திலேயே சொல்ல யாரும் இல்லை. கடைக்காரருக்கும் அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு மேல் கொடுத்துக் கொள்வனவு செய்தவர் எப்படி நட்டத்துக்கு விற்பார்? ஏப்ரல் முடியும் தறுவாயில் அந்த விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2021இன் பிற்பகுதியில் சீனியும் பால்மாவும் இல்லாமல் போனபோது இன்னொரு வழக்கம் தலையெடுத்தது. பால்மா வேண்டுமென்றால் கூடவே வேறு ஏதாவது வாங்க வேண்டும் என்பார்கள். நாட்கூலிக்குப் போகிறவர், வேலை இல்லாத நாளில், கையிலிருக்கும் காசுக்கு ஒரு பால்மாப் பக்கெட்டை வாங்க வந்து, தேவையில்லாத பிஸ்கட்டையும் சேர்த்து வாங்க முடியாமல் திரும்பிப் போனார். ஆளுக்கு இரண்டு கிலோ என்று பங்கிட்டதிலும் நீதி இல்லை. இருவர் உள்ள வீட்டுக்கும் எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கும் அதே இரண்டு கிலோ. எட்டுப் பேர் உள்ள வீட்டுக்காரர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து தனித்தனியே வரிசையில் நிறுத்தினார். வரிசை நீண்டது. ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் வரலாம் என்ற விதியும் ஆளுக்கு இவ்வளவு என்ற பங்கீடும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றதை இரண்டையும் போட்டவர்கள் கவனிக்கவில்லை.

அடையாள அட்டை முறை இன்னொரு கணக்கு. 2021 மே 17ஆம் திகதி பயணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றையானால் ஒற்றைத் திகதியிலும் இரட்டையானால் இரட்டைத் திகதியிலும் வெளியே போகலாம் என்றார்கள். 21ஆம் திகதி இரவு பதினொரு மணிக்கு மீண்டும் மூடிவிட்டார்கள். ஒற்றைக்காரருக்கு 17, 19, 21 என்று மூன்று நாட்கள் கிடைக்க, இரட்டைக்காரருக்கு 18, 20 என்று இரண்டே நாட்கள். எங்கள் வீட்டில் என்னுடையதும் கணவருடையதும் அம்மாவுடையதும் இரட்டையில் முடிகின்றன. பக்கத்து வீட்டில் ஒற்றையும் இரட்டையும் கலந்திருந்ததால் அவர்களுக்கு ஐந்து நாளும் திறந்தே இருந்தன. அவர்கள்தான் எங்களுக்கும் பாண் வாங்கித் தந்தார்கள். அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனால் அயலவர் அன்பை நம்பி ஒரு நாடு விதி வகுக்க முடியாது. தனியாக இருக்கும் ஒரு விதவைத் தாய்க்கு அப்படி ஓர் அயல் வாய்க்காவிட்டால் என்ன செய்வார்?

மே 25ஆம் திகதி ஒரு நாள் மட்டும் கடைக்குப் போக விட்டார்கள். வீட்டுக்கு ஒருவர், பக்கத்துக் கடைக்கு, நடந்து, வாகனம் எடுக்கக் கூடாது. நாங்கள் இருப்பது உவர்மலை. பெயரிலேயே மலை இருக்கிறது. கீழே கடைக்கு இறங்குவது கடினமில்லை, ஐந்து கிலோ அரிசி, மூன்று கிலோ மா, நான்கு தேங்காய், பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு அந்த ஏற்றத்தை நடந்தே ஏறுவதுதான் பாடு. பையின் கைப்பிடி விரல்களை அறுத்த தடம் மறுநாள் வரை சிவந்து கிடந்தது. வழியில் ஒரு அக்கா பைகளை மதிலோரம் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தாருங்கள் அக்கா, நான் கொண்டு வருகிறேன் என்று கேட்க என் வாய் துடித்தது. கையில் இடமும் இல்லை, அவர் தருவாரோ என்ற தயக்கமும் இருந்தது. தொட்டால் தொற்றும் என்ற நாட்கள் அல்லவா. அடுத்து மே 31, ஜூன் 4 ஆகிய நாட்களிலும் தளர்த்துவோம் என்று முதலில் சொன்னதை நம்பி அளவோடு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அந்த இரண்டு நாட்களும் பின்னர் இல்லையென்றாயின, ஜூன் 21 வரை இழுபட்டது. அடுத்த முறை ஒரு நாள் திறந்தபோது அவர்கள் இரட்டிப்பாக வாங்கினார்கள் என்றால் அதைப் பதுக்கல் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளைக்கும் கடை திறக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் எவரும் இருபது கிலோ அரிசியை வெயிலில் சுமக்கமாட்டார்கள்.

வரிசைகளில் கேட்ட சில பேச்சுகளையும் எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையானதாகாது. நகரின் சில கிராம சேவகர் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்ட நாட்களில், நீங்கள் எந்த இடம் என்று கேட்டுவிட்டுத்தான் சில கடைகளில் சாமான் எடுத்தார்கள். இன்ன சமயத்தவர் கடையில் வாங்காதீர்கள் என்ற செய்திகள் தொலைபேசிகளில் சுற்றின. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் வாங்கி விற்று வாழும் ஊர் திருகோணமலை. கிண்ணியாவிலிருந்து மரக்கறி கொண்டு வரும் நானாவிடம் என் அம்மா என் சிறு வயதிலிருந்தே வாங்குகிறார். அவர் வாசலில் வந்து கூப்பிட்டபோது, எதிர்வீட்டில் கதவைச் சாத்திய சத்தம் அவருக்கும் கேட்டது, எங்களுக்கும் கேட்டது. நோயைத் தள்ளி வைக்கச் சொன்ன விதியைப் பிடித்துக்கொண்டு சிலர் மனிதரைத் தள்ளி வைத்தார்கள். அதற்கு எந்த வர்த்தமானியும் பொறுப்பில்லை, நாங்கள்தான் பொறுப்பு.

மீனைப் பொறுத்தவரை இன்னும் வருத்தமான ஒரு முரண் இருந்தது. 2020 ஒக்டோபரில் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுக் கொத்தணி கண்டறியப்பட்ட பிறகு, மீனிலேயே நோய் இருக்கிறது என்று சனம் அஞ்சியது. கொழும்புக்குப் போக வேண்டிய மீன் இங்கேயே தேங்கி விலை விழுந்தது. கடற்கரை மணலில், திறந்த காற்றில், தோணியடியில் நின்று மீன் வாங்குவதைவிடப் பாதுகாப்பான கொள்வனவு இந்த ஊரில் வேறு இல்லை. அங்கே போக அஞ்சியவர்கள், குளிரூட்டிய அறையில் ரின்மீனுக்கு வரிசையில் நின்றார்கள். திருக்கடலூரில் வலை இழுத்து வாழும் குடும்பங்களுக்கு அந்த மாதங்களில் எவ்வளவு நட்டம் வந்திருக்கும் என்று நினைக்கும்போது, சரியான தகவலை உரிய நேரத்தில் தமிழில் வீடு வீடாகச் சொல்ல ஒரு ஒலிபெருக்கி வாகனம் போதுமாக இருந்ததே என்றுதான் தோன்றுகிறது.

நன்றாகச் செய்தவர்களும் இருந்தார்கள். எங்கள் ஒழுங்கை முனைக் கடை முதலாளி ஊரடங்கின் இரண்டாம் வாரத்திலேயே ஒரு வழி கண்டார். முதல் நாள் மாலைக்குள் தேவையான சாமான்களைத் துண்டில் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும், அல்லது வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். இரவில் அவரும் மகனும் நிறுத்துக் கட்டிப் பெயர் எழுதி வைத்துவிடுவார்கள். காலையில் இன்ன வீட்டுக்கு ஏழு மணி, இன்ன வீட்டுக்கு ஏழேகால் என்று நேரம் சொல்லிவிடுவார். போய்ப் பையை எடுத்துக்கொண்டு, காசை ஒரு தட்டில் வைத்துவிட்டு வரலாம். காசு இல்லாதவர்களுக்குக் கடன் கொப்பியும் மூடப்படவில்லை; பெரிய அங்காடிகளால் தர முடியாத வசதி அது, நாட்கூலி வீடுகள் அந்த மாதங்களைக் கடந்ததற்கு அந்தக் கொப்பிகள் ஒரு முக்கிய காரணம். அவர் கடைக்கு முன்னால் வட்டம் எதுவும் கீறவில்லை. கீற வேண்டிய தேவை வரவில்லை.

பிரதேச செயலகத்தின் அனுமதியோடு மரக்கறியும் மளிகையும் ஏற்றி வந்த லொறிகளும் உதவின, ஆனால் அவை எந்த ஒழுங்கைக்கு எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடிப்போய் அவற்றைச் சூழ்ந்துகொண்டார்கள். அதைவிட ஒரு நல்ல உதாரணம் அம்மாவின் மருந்து. 2020இல் அரச வைத்தியசாலைகளின் கிளினிக் நோயாளர்களுக்கான மருந்துகளைத் தபால் திணைக்களத்தின் மூலம் வீட்டுக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். தபால்காரர் படலையில் நின்று பெயரைக் கூப்பிட்டு, அம்மாவின் மாத மருந்துப் பொதியைத் தந்துவிட்டுப் போனார். யாருக்கு என்ன மருந்து, எந்த முகவரி என்ற விபரம் அரசாங்கத்திடம் இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க ஆளும் இருந்தது. மருந்துக்கு முடிந்தது, அதே பட்டியலில் உள்ள அதே முதியவர்களின் அரிசிக்கும் பருப்புக்கும் பால்மாவுக்கும் ஏன் முடியாமல் போனது? கிராம சேவகர்களிடம் ஒவ்வொரு வீட்டின் ஆள் எண்ணிக்கையும் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. முன்னர் கூப்பன் முறையில் வீட்டு ஆட்களின் எண்ணிக்கைப்படி அரிசியும் சீனியும் பங்கிட்டுக் கொடுத்த நாடு இது.

2022இல் எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது, வாகனத் தகட்டின் கடைசி இலக்கத்தை வைத்து நாட்களைப் பிரித்தார்கள், கூடவே கியூ.ஆர். அட்டையின் மூலம் வாகனத்துக்கு இவ்வளவு என்று வாராந்தப் பங்கை உறுதி செய்தார்கள். என் பார்வையில் வரிசையைக் குறைத்தது இரண்டாவதுதான். இன்று போகாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் என் பங்கு எனக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, சனம் இரவு முழுவதும் வீதியில் படுத்துக் கிடப்பதை விட்டது. கொவிட் காலத்தில் எங்களுக்கு அந்த உறுதியை யாரும் தரவில்லை.

ஆகவே மாநகர சபையிலும் பிரதேச செயலகத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அலுவலகத்திலும் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த முறைக்காகச் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். கடை திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள். காலையின் முதல் மணித்தியாலத்தை முதியவர்களுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்குங்கள். சந்தையை மூடுவதற்குப் பதிலாக வெளியே, திறந்த இடத்துக்குக் கொண்டு போங்கள். வரிசை நிற்கும் ஒவ்வொரு வாசலிலும் நிழலும் நான்கைந்து கதிரைகளும் குடிக்கத் தண்ணீரும் கட்டாயம் என்று, முகக்கவசம் கட்டாயம் என்று எழுதிய அதே வர்த்தமானியில் எழுதுங்கள். சாமான் முடிந்தால் அதை வரிசையின் கடைசியில் நிற்பவருக்குக் கேட்கும்படி உடனே சொல்லச் சொல்லுங்கள்.